நாலாவது நிபந்தனை

"பேனா, சார்."

பதினெட்டாம் நம்பர் வீட்டு வாசலில் நின்றிருந்த வேன் டிரைவர் ஒரு தட்டை நீட்டினார். மனுக்காரர் தட்டைப் பார்த்தார். பிறகு தன் சட்டைப் பையைப் பார்த்தார். எந்தச் சட்டையைப் போட்டாலும் அந்தப் பையில் அந்தப் பேனா இருக்கும்.

"பேனா எதுக்கு?"

"கூரான பொருள் எதுவும் உள்ள போகக்கூடாதுங்க. ஒன்பதாவது நிபந்தனை."

"அது கத்தி, பிளேடுக்காக எழுதினதுய்யா."

"'முதலியன'ன்னு முடிச்சிருக்கீங்களே. பேனாவும் அதுல அடங்கும்னு வார்டன் சொல்லிட்டார்."

அந்த 'முதலியன'வைப் போட்டது அவரேதான். வாக்கியம் மொட்டையாக நிற்கிறதே என்று கடைசி நிமிஷத்தில் சேர்த்தது. பேனாவை எடுத்துத் தட்டில் வைத்தார். பல் பிடுங்கின இடத்தை நாக்கு தேடுவது போல, உள்ளே போவதற்குள் அவர் கை மூன்று தடவை காலிப் பைக்குப் போய்விட்டு வந்தது.

அந்தத் தெருவில் அவரை மனுக்காரர் என்றுதான் சொல்வார்கள். எதிரில் 'சார்' என்பார்கள். ஒரு அச்சகத்தில் முப்பத்து நாலு வருஷம் பிழை திருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலை, திருத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே தெரு இருந்தது. தெரு பூராவும் பிழை.

வெளிப்பக்கமாகத் திறக்கும் கேட். பகலில் எரியும் தெருவிளக்கு. நடைபாதை மேல் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும் முடிதிருத்தும் கடையின் பலகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மனு. ஆறு வருஷத்தில் இருநூற்றுப் பதினொன்று. நகல்கள் அட்டைப்பெட்டிகளில் கட்டிலுக்கு அடியில் இருந்தன. பெட்டிகள் கூடக்கூட, அவர் மனைவி தன் புடவைப் பெட்டியை முதலில் அலமாரி மேலும் பிறகு சமையலறைக்கும் நகர்த்திக்கொண்டாள். வாயைத் திறந்து எதுவும் சொன்னதில்லை. அவள் பேசாமல் இருப்பதில் பல தினுசுகள் உண்டு. எது எந்த தினுசு என்று அவர் உட்கார்ந்து யோசித்ததில்லை.

அதில் நூற்று அறுபதாவது மனுதான் வினையாகிப் போனது. ஒரு கல்யாண மண்டபத்தின் ஜெனரேட்டர் அளவுக்கு மீறிச் சத்தம் போடுகிறது என்று எழுதியிருந்தார். மகளின் கல்யாண வரவேற்புக்கு அதே மண்டபத்தைத்தான் சம்பந்தி வீட்டார் பிடித்திருந்தார்கள் என்பது அவருக்கு உறைக்கவில்லை. எந்த மனுவுக்கும் மூன்று மாதத்துக்குக் குறையாமல் யோசிக்கிற அலுவலகம், அதற்கு மட்டும் சரியாக வரவேற்பு அன்று சாயங்காலம் ஆள் அனுப்பி ஜெனரேட்டருக்கு சீல் வைத்தது; அன்றைக்குப் பார்த்து மின்வெட்டு. கல்யாண ஆல்பத்தில் முதல் பதினொரு படம் வெளிச்சமாக இருக்கும். மிச்சம் எல்லாம் கறுப்பு.

இப்போது மகளுக்கு ஒரு பெண் குழந்தை. ஏழு மாதம். மனுக்காரர் பேத்தியை செல்போனில்தான் பார்த்திருக்கிறார். அதுவும் அவள் எப்போது பார்த்தாலும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மனுவை நிறுத்துங்கப்பா. நிறுத்தினா நானே குழந்தையைத் தூக்கிட்டு வர்றேன்" என்று மகள் சொல்லிவிட்டாள்.

"நிறுத்தறதுக்கு என்ன? நான் நினைச்சா நாளைக்கே நிறுத்திடுவேன்" என்று அவரும் சொல்லியிருந்தார். சொல்லி ஏழு மாதம் ஆகிறது.

அந்தச் சமயத்தில்தான் பதினெட்டாம் நம்பர் வீட்டுக்கு ஒரு மறுவாழ்வு இல்லம் குடிவந்தது. குடியையும் போதை மாத்திரையையும் விட்டவர்கள் ஆறு பேர், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு வார்டன். விஷயம் தெரிந்த அன்றைக்கே அக்கம்பக்கத்தார் மனுக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஆறு வருஷத்தில் முதல் தடவை. மாடி வீட்டுக்காரர், இவர் மனுவால் கேட்டைக் கழற்றி மாட்டின அதே ஆள், ஒரு பை ஆப்பிளோடு வந்திருந்தார்.

"குழந்தைங்க விளையாடற தெரு சார் இது. நீங்கதான் எழுதணும். உங்களை மாதிரி யாரால எழுத முடியும்?"

இருபது பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மனுக்காரர் பேனாவின் மூடியைக் கழற்றினார். சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

"இதுதான் கடைசியா?" என்றாள், எல்லாரும் போன பிறகு.

"சத்தியமா இதுதான் கடைசி."

அவள் ஆப்பிளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒன்பது பக்கம், பதினாலு நிபந்தனை. நகராட்சியில் அதைப் படித்த அதிகாரி தலை நரைத்த பெண்மணி. மனுக்காரருடைய மற்ற இருநூற்றுப் பதினொன்றையும் படித்தவரும் அவரே. மனுக்காரருக்கு முட்டிவலி என்பதால் துணைக்கு வந்திருந்த மனைவி பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

"இப்படி ஒரு வீடு தெருவுக்குள்ள எப்படி இருக்கணும்னு எங்ககிட்ட ஒழுங்கான விதியே இன்னும் இல்ல சார்" என்றார் அதிகாரி. "வேணாம்னு விரட்ட முடியாது. அவங்களும் எங்கயாவது ஒரு தெருவுலதானே இருந்தாகணும்? எப்படி இருக்கணும்னு வேணா சொல்லலாம். அதை நீங்க நல்லா எழுதியிருக்கீங்க."

ஆறு வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

"ஒண்ணுதான் சிக்கல். நாலாவது நிபந்தனை. தெருவாசி ஒருத்தர் தினம் ரெண்டு வேளை நேர்ல போய்க் கண்காணிக்கணும்னு போட்டிருக்கீங்க. யார் போவாங்க?"

"தெருவைக் கூட்டிக் கேட்டுச் சொல்றேன்."

கூட்டினார். கேள்வியை முடிப்பதற்குள் எல்லாக் கையும் அவரைக் காட்டின. அந்தத் தெரு ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தது அன்றைக்கு மட்டும்தான்.

மறுபடியும் அலுவலகம், மனைவியும் கூட. அதிகாரி இரண்டு பக்கம் உள்ள ஒரு படிவத்தைக் கொடுத்தார். முதல் பக்கம் மனுக்காரர் நிரப்ப வேண்டியது. இரண்டாம் பக்கம் வீட்டார் நிரப்ப வேண்டியது.

மனுக்காரருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான தாள் என்றால் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கித்தான் படிப்பார். அப்படிப் படித்தால் அர்த்தம் குறுக்கே வராது. பிழை மட்டும் தனியாகத் தலையைத் தூக்கும். இந்த முறையில் அவர் நானூறு பக்கக் கொலைக்கதை ஒன்றைத் திருத்திக் கொடுத்தார். செத்தது யார் என்று இன்றைக்குவரை தெரியாது. படிவத்தையும் அப்படியே அடியிலிருந்து மேலே படித்து, சிவப்பு மையில் மூன்று பிழை திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

"உன் பக்கத்தைக் கொடு, பார்க்கறேன்."

"என் பக்கத்தை நீங்க திருத்த வேணாம்" என்று மனைவி தாளை மடித்து நேராக அதிகாரியிடம் கொடுத்தாள். இரண்டு பெண்களும் ஒரு நொடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரிக்கும் முட்டிவலி இருக்கும்போல என்று மனுக்காரர் நினைத்துக்கொண்டார்.

இப்படியாகத்தான் அவர் முதல் நாள் காலை எட்டு மணிக்குப் பேனாவைத் தட்டில் வைத்துவிட்டுப் பதினெட்டாம் நம்பருக்குள் போனது.

தலை எண்ணிவிட்டு ஐந்து நிமிஷத்தில் திரும்பிவிடலாம் என்பது அவர் திட்டம். ஆனால் ஆறு பேரும் ஒரே இடத்தில் இருப்பது காலைக் கூட்டத்தில் மட்டும்தான். ஆகவே கூட்டத்தில் போய் எண்ணினார். எண்ணி முடித்துத் திரும்பினால் கதவு சாத்தியிருந்தது.

"பதினோராவது நிபந்தனை சார்" என்றார் வார்டன். மெலிந்த ஆள். பதினாலு வருஷம் முன்பு அவரும் குடித்துக் கிடந்தவராம். "கூட்டம் முடியறவரைக்கும் கதவைத் திறக்கக் கூடாது, யாரும் நடமாடக் கூடாது. உட்காருங்க."

வட்டமாகப் போட்ட நாற்காலியில் ஒன்று காலியாக இருந்தது. உட்கார்ந்தார்.

"நாற்பத்தேழாவது நாள்" என்றார் ஆறு பேரில் ஒருவரான கணக்கு வாத்தியார். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்து, வாசலில் தட்டு நீட்டின அதே வேன் டிரைவர், "இருபதாவது நாள்." கைதட்டல். வட்டம் சுற்றிக்கொண்டு மனுக்காரரிடம் வந்து நின்றது.

"நான் சும்மா பார்க்க வந்தவன்."

"நானும் பார்த்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்" என்றார் கணக்கு வாத்தியார்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அந்த மௌனம் மனுக்காரருக்கு அச்சகத்தை ஞாபகப்படுத்தியது, இயந்திரங்கள் நின்ற பிறகு இருக்குமே, அது. கடைசியில் அவர்தான் தாங்க முடியாமல், "முதல் நாள்" என்றார்.

கைதட்டினார்கள். வெளியே வரும்போது நோட்டை நீட்டினார்கள். கட்டிடத்துக்குள் இருக்கும் ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும், பன்னிரண்டாவது நிபந்தனை. நூலில் கட்டித் தொங்கிய பேனாவால் ஏழாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "எப்படி இருந்தது?" என்றாள்.

"குப்பைத் தொட்டிக்கு மூடி இல்ல. மாட்டிக்கிட்டானுங்க!"

தாளை எடுத்து, 'பெறுநர்' என்று எழுதும்போது போன் வந்தது. அதிகாரி.

"முதல் நாள் எப்படிப் போச்சு சார்? ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். கண்காணிக்கறவர் நடுநிலையா இருக்கணும், எந்த விஷயமாவும் யாருக்கும் மனு எழுதக் கூடாதுன்னு நீங்களே போட்டிருக்கீங்க. ஏழாவது நிபந்தனை. எழுதினா பதினாலும் செல்லாமப் போயிடும்."

"அப்ப அந்த மூடி?"

"வார்டன்கிட்ட வாயால சொல்லுங்க."

சொன்னார். சாயங்காலம் தொட்டிக்கு மூடி வந்துவிட்டது. மனுக்காரருக்கு அன்று முழுக்க ஏமாந்துபோனது போல இருந்தது. இருநூற்றுப் பதினொரு மனுவில் ஒன்றுக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில்லை. பதில் வராத அந்த மூன்று மாதம்தான் தனக்குப் பிடித்த பகுதி என்று அவருக்கு அப்போது தோன்றியது. அந்த நினைப்பு பிடிக்காமல் எழுந்து போய் முகம் கழுவினார்.

பத்தாம் நாள் வாக்கில் கை நடுங்க ஆரம்பித்தது. குளிக்கும்போது சோப்பு நுரையில் 'பொருள்' என்று எழுதிப் பார்த்தார். பதினைந்தாம் நாள், மனைவி கடைக்குப் போன நேரத்தில், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வழிவதைப் பற்றி அரைப் பக்கம் எழுதிவிட்டார். அனுப்பத்தான் கூடாது, எழுதினால் என்ன? கேட் சத்தம் கேட்டதும் அதைக் கோதுமை மாவு டப்பாவுக்குள் சொருகினார்.

மனைவி அதைக் கண்டுபிடித்தாள். கத்தவில்லை. மாவைத் தட்டிவிட்டு, மடித்து, மேசை மேல் அவர் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் வேன் டிரைவரின் முறை. "நான் பாட்டிலை வாஷிங் மெஷினுக்குள்ள ஒளிச்சு வைப்பேன். ஒருநாள் என் சம்சாரம் அதை எடுத்து, துடைச்சு, என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல வச்சா. ஒரு வார்த்தை பேசலைங்க. அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்."

மனுக்காரருக்குப் பரிதாபமாக இருந்தது. பாவம், என்ன பழக்கமோ, பெண்டாட்டியிடம்கூட மறைக்க வைக்கிறது. தன் முறை வந்தபோது, டிரைவரை ஆறுதல்படுத்துவதற்காகத்தான், "எங்க வீட்லயும் அப்படித்தான். மாவு டப்பா" என்று சொல்லி வைத்தார். கணக்கு வாத்தியார் கையை நீட்டி அவர் தோளைத் தொட்டார். தான் நல்லபடியாக அறிக்கை கொடுக்க வேண்டுமென்று இவர்கள் குளிர்விக்கப் பார்க்கிறார்கள் என மனுக்காரர் உஷாரானார். ஆனாலும் அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

நாட்கள் போயின. எண்ண வேண்டியது ஆறு பேரை. ஆனால் கணக்கு வாத்தியாருக்கு மகனிடமிருந்து கடிதம் வந்ததா என்றும், டிரைவருக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்ததா என்றும் கேட்காமல் எப்படி எண்ணுவது? அதனால் ஐந்து நிமிஷம் ஒரு மணியானது, ஒரு மணி இரண்டானது. 'ஐம்பதாவது நாள்' என்று அவர் சொன்னபோது கைதட்டல் கொஞ்சம் பலமாகவே இருந்தது.

தொல்லை வேறு பக்கமாக வந்தது.

"சார், ஒரு சின்ன விஷயம்" என்று மாடி வீட்டுக்காரர் ஒருநாள் தெருவில் வழிமறித்தார். குரல் இறங்கியிருந்தது. "என் தம்பி கொஞ்சம் குடிப்பான். உள்ள எப்படி, நல்லாப் பார்த்துக்கறாங்களா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேன்னு…"

"நான் கண்காணிக்கப் போறேன்யா!"

"ஆமா ஆமா. அப்படித்தான் நாங்களும் வெளியில சொல்லிக்கறோம்."

மனுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினம் இரண்டு வேளை போகிறார், பையைச் சோதிக்கவிட்டு உள்ளே நுழைகிறார், கண் கலங்கி வெளியே வருகிறார். தெரு வேறு என்னதான் நினைக்கும்? இதைத் தெளிவுபடுத்த வேண்டும் என்று அடுத்த நாளிலிருந்து நிமிர்ந்து, விறைப்பாக, யாரையும் பார்க்காமல் நடந்தார். தள்ளாடாமல் நடக்க எவ்வளவு கஷ்டப்படுகிறார் பார் என்று பேசிக்கொண்டார்கள். முட்டிவலி வந்து ஒருநாள் போகாமல் வீட்டில் இருந்தார். ஓடிவந்துவிட்டார் என்றார்கள். வார்டனே வந்து பார்த்துவிட்டுப் போனதும், பிடித்துக்கொண்டு போக வந்தார்கள் என்றார்கள்.

எண்பத்தாறாம் நாள் ஒரு கடிதம் வந்தது. தெருவாசிகள் நகராட்சிக்கு எழுதிய மனுவின் நகல். 'எங்கள் தெருவில் குடிப்பழக்கம் உள்ள ஒரு முதியவர் குடும்பத்தோடு வசிப்பதால்…' என்று ஆரம்பித்தது. முதல் கையெழுத்து மாடி வீட்டுக்காரருடையது.

வாழ்க்கையில் முதன்முதலாகத் தன்மேல் ஒரு மனு. மனுக்காரர் அதைப் பின்னோக்கிப் படித்தார். பதினோரு பிழை. பிறகு, வழக்கத்தை விட்டு, ஒரு தடவை முன்னோக்கியும் படித்தார். படித்துவிட்டு ஜன்னலருகே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். இருநூற்றுப் பதினொரு வீட்டில், இருநூற்றுப் பதினொரு பேர், இப்படித்தான் ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களோ?

எண்பத்தொன்பதாம் நாள் மகள் போன் பண்ணினாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை வரலாம்னு இருந்தேன். குழந்தைக்குப் பல் வந்துடுச்சு, உங்களுக்குக் காட்டணும்னு. ஆனா யாரோ என் மாமியார்கிட்ட சொல்லிட்டாங்க, நீங்க குடிக்கறீங்கன்னு."

"நானா? இருமல் மருந்தைக்கூட நான் அளந்து குடிக்கறவன்!"

"எனக்குத் தெரியும்பா. அவங்களுக்கு எழுத்துல ஏதாவது காட்டணும். நகராட்சி முத்திரையோட ஒரு சர்டிபிகேட் வாங்க முடியுமா? அதைக் காட்டிட்டா நான் குழந்தையைத் தூக்கிட்டு வந்துடுவேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா ஒண்ணுப்பா. அதுக்காக ஒரு மனு எழுதிடாதீங்க. எழுதினீங்கன்னு தெரிஞ்சா வரமாட்டேன்" என்றாள்.

மறுநாள் காலை, 'தொண்ணூறாவது நாள்' என்று கூட்டத்தில் அவசரமாகச் சொன்னார். ஆறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எதற்கு எழுந்தார்கள் என்று கேட்க நேரமில்லை. நேராக நகராட்சிக்குப் போனார். அதிகாரி வெளியே போயிருந்தார். மனு வாங்கும் ஜன்னலில் குமாஸ்தா இருந்தார். ஆறு வருஷமாக அவர் மனுக்களில் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தின கை.

"வாங்க சார்! மூணு மாசமா ஆளையே காணோமே. உடம்புக்கு ஏதாவதோன்னு நாங்க பயந்தே போயிட்டோம்."

"எனக்கு ஒரு சர்டிபிகேட் வேணும். பதினெட்டாம் நம்பர் இல்லத்துக்கு நான் போறது கண்காணிக்கறதுக்காகத்தான்னு."

"அவ்வளவுதானே? ஒரு மனு எழுதிக் கொடுத்துடுங்க."

குமாஸ்தா ஒரு வெள்ளைத் தாளை ஜன்னல் வழியாகத் தள்ளினார். அதன் மேல் ஒரு பேனாவையும் வைத்தார்.

மனுக்காரர் தாளைப் பார்த்தார். மடிப்பில்லாத தாள். இடது ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அவர் கண் தானாக அளந்தது. 'அனுப்புநர்' எங்கே, 'பொருள்' எங்கே என்று எல்லாம் தாளிலேயே தெரிந்தது. கை, பழக்கத்தில், சட்டைப் பைக்குப் போனது. பை காலி. தன் பேனா தட்டிலேயே கிடக்கிறது என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதை எப்போது விட்டோம்? நேற்றா, போன மாதமா?

எழுதாவிட்டால் சர்டிபிகேட் இல்லை. எழுதினால் மகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. யாருக்குத் தெரியப் போகிறது? ஒரு அரைப் பக்கம். நான்கு வரி. இதுதான் கடைசி.

'இதுதான் கடைசி' என்று மனசுக்குள் கேட்டதும், குரல் தன்னுடையது போலவும் இருந்தது, வேன் டிரைவருடையது போலவும் இருந்தது.

தாளை, ஒரு விரலால், குமாஸ்தா பக்கமே திருப்பித் தள்ளினார்.

"எழுத மாட்டேன்."

"என்ன சார்?"

"வாயால சொல்றேன். கேட்டுக்கோங்க. கொடுக்க முடிஞ்சா கொடுங்க. முடியலன்னா நான் என் மருமகளோட… என் மகளோட மாமியார்கிட்ட நானே போய் நேர்ல சொல்லிக்கறேன். என் பேத்திக்குப் பல் வந்திருக்கு. பார்க்கணும். அவ்வளவுதான்." அதற்குள் மூச்சு வாங்கியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

குமாஸ்தா அவரைக் கண் கொட்டாமல் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். மேசை இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு கோப்போடு திரும்பி வந்து, நூலை அவிழ்த்து, முதல் தாளைத் திருப்பிக் காட்டினார்.

"இந்தச் சிவப்பு மைத் திருத்தம் உங்களதுதானே சார்?"

மனுக்காரருக்கு அந்தக் களைப்பிலும் முகம் மலர்ந்தது. "பின்னே? தலைப்புலயே தப்பு. 'சேர்க்கை படிவம்'னு அடிச்சிருந்தீங்க. நடுவுல ஒரு 'ப்' விட்டுப்போச்சு."

சொல்லிவிட்டு, தான் சொன்னதையே அவர் ஒரு தடவை மெதுவாக, முன்னோக்கி, மனசுக்குள் சொல்லிப் பார்த்தார்.

குமாஸ்தா முத்திரையை மையில் ஒற்றி எடுத்துக்கொண்டே சொன்னார்: "அந்த நாலாவது நிபந்தனையை மேடம் அன்னைக்கே கோடு போட்டு எடுத்துட்டாங்க சார், அதனால கண்காணிப்பாளர்னு தர முடியாது, 'தொண்ணூறு நாள் முடித்துக் குணமானவர்'னு வேணா இப்பவே தர்றேன், எதுக்கு அடிமைங்கற கட்டத்துல உங்க வீட்டம்மா 'மனு'ன்னு எழுதியிருக்காங்க."